கூரையில் கறுப்புக் கோடுகள்: பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவலாமா?

வடக்குச்சரிவு | ஏப்ரல் 11, இரவு 9:20

வணக்கம். அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். 15 வயதான ஒற்றைத்தள வீடு, சாதாரண ஆஸ்பால்ட் ஷிங்கிள் (தார் பூசி மணல்துகள் ஒட்டிய தகடு) கூரை. வாங்கும்போது "வடக்குப் பார்த்த வாசல், குபேரன் திசை" என்று அப்பா நாகர்கோவிலிலிருந்து தொலைபேசியில் ஒப்புதல் கொடுத்தார். குபேரன் வந்தாரோ இல்லையோ, வாசல் பக்கச் சரிவு முழுக்கக் கறுப்புக் கோடுகள் வந்துவிட்டன. முகட்டிலிருந்து யாரோ மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல வழிந்திருக்கிறது. கொல்லைப்புறம் தெற்கு, அது பளிச்சென்று இருக்கிறது.

போன வாரம் குடியிருப்போர் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது, கூடவே என் கூரையின் வண்ணப் புகைப்படம். 30 நாளில் சுத்தம் செய்யாவிட்டால் அபராதமாம். தெருவில் வேறு வீட்டுக்கு வேலைக்கு வந்தவர், கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையைக் உயர் அழுத்தத்தில் நீரை அடித்துக் கழுவுகிற அதே பிரஷர் வாஷர் இயந்திரத்தைக் காட்டி, "இரண்டு மணி நேரம், 250 டாலர், கூரை புதிதுபோல ஆகிவிடும்" என்கிறார். இப்போது இங்கே வந்திருக்கும் அப்பாவோ, பிளீச்சிங் பவுடரும் துடைப்பமும் போதும், நானே ஏறித் தேய்க்கிறேன் என்கிறார். அவருக்கு வயது 71. ஏணியை ஒளித்துவைத்திருக்கிறேன்.

அந்தச் சரிவுக்கு நேர் கீழே என் மனைவியின் கறிவேப்பிலைத் தொட்டிகள் நான்கு. அவற்றுக்கு ஏதாவது ஆனால் அபராதம் வேறு இடத்திலிருந்து வரும். என்ன செய்யலாம்?

---

மழைத்தேசம் | ஏப்ரல் 11, இரவு 10:02

இயந்திரக்காரரை அனுப்பிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் சியாட்டில் பக்கம். எங்கள் சிக்கல் கறுப்புக் கோடு இல்லை, பச்சைச் சமுக்காளம். ஆனால் நீங்கள் செய்யப்போகும் தவற்றை நான் ஏற்கெனவே செய்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து, காலை தொடங்கி மதியத்துக்குள் அடித்து முடித்தார். மாலையில் கூரையைப் பார்த்துக் கைதட்டாத குறைதான். மறுநாள் கூரையோர வாய்க்காலில் குப்பை அள்ளக் கையை விட்டேன். வந்தது இலை இல்லை, மணல். கறுப்பும் சாம்பலுமாகக் கரகரவென்று ஒரு வாளி நிறைய. அது கூரையின் தோல் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஷிங்கிளின் மேலே ஒட்டியிருக்கும் அந்தத் துகள்கள் வெறும் அலங்காரம் அல்ல. அடியில் இருக்கும் தார் மீது வெயில் நேரே படாமல் காப்பவை அவைதாம். அவை போனால் தார் காய்ந்து, வெடித்து, ஓரம் சுருண்டுகொள்ளும். தோட்டக் குழாயில் வரும் நீரின் அழுத்தம் சுமார் 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு). அந்த இயந்திரங்கள் 1,500, 3,000 என்று அடிப்பவை. உங்கள் ஷிங்கிளுக்கு உத்தரவாதப் பத்திரம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். உயர் அழுத்தத்தில் கழுவினால் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன.

---

கல்பாசி | ஏப்ரல் 12, காலை 6:48

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த இழை முழுக்க ஆளுக்கொரு பாசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றுச் சுவரில் வழுக்குவதும் பாசி, கேட்டால் குழம்பில் போடுவதும் பாசி. தமிழுக்குப் பரந்த மனம். கூரைக்கு அது உதவாது.

வடக்குச்சரிவு சொல்லும் கறுப்புக் கோடு, குளோயோகாப்சா மேக்மா என்ற நீலப்பசும்பாசி. பள்ளிப் பாடத்தில் படித்த சயனோபாக்டீரியா வகை. தன்னைச் சுற்றி ஒரு கருநிற உறையைப் போர்த்திக்கொண்டு வெயிலிலிருந்து தப்பிக்கும். நமக்குத் தெரிகிற கறுப்பு அந்த உறைதான். ஷிங்கிளில் நிரப்புப் பொருளாகச் சுண்ணாம்புக்கல் பொடி சேர்க்கிறார்கள், அது இதற்குத் தீனி. ஈரம் நெடுநேரம் தங்கும் வடக்குச் சரிவு இதற்குச் சொர்க்கம். குபேரனைக் குறை சொல்லாதீர்கள்.

மழைத்தேசத்தின் பச்சைச் சமுக்காளம் மாஸ். அது தாவரம். வேர் கிடையாது, வேர்போன்ற மெல்லிய இழைகளால் பிடித்துக்கொள்ளும். பஞ்சுபோல நீரைத் தேக்கிவைத்து, ஷிங்கிளின் ஓரத்தை மெல்லத் தூக்கும்.

மூன்றாவது லைக்கன். சாம்பல்பச்சையில் வட்டவட்டமாக, காய்ந்த தேமல் போல இருக்கும். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். செட்டிநாட்டு மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அது லைக்கன்தான். என் புனைபெயருக்கும் அதுவே காரணம். இதைக் கூரையிலிருந்து பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் துகளும் சேர்ந்து வரும். கொன்றுவிட்டுக் காத்திருக்க வேண்டும், தானே உதிரும். கூரையில் விளைந்ததைக் குழம்பில் போடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம்.

---

சும்மாவிடு | ஏப்ரல் 12, காலை 8:15

எதற்கு இவ்வளவு பாடு? கறுப்புக் கோட்டால் கூரை ஒழுகாது. கண்ணுக்கு நன்றாக இல்லை, அவ்வளவுதான். சங்கத்துக்காரர்களுக்கு வேறு வேலையில்லை. 15 வருடக் கூரைக்கு இன்னும் எத்தனை வருடம்? அப்படியே விட்டுவிட்டு, மாற்றும்போது புதிதாகப் போடுங்கள். செம்பு கலந்த துகள் சேர்த்த ஷிங்கிள்கள் கிடைக்கின்றன, அவற்றில் இது சுலபத்தில் வராது.

---

கல்பாசி | ஏப்ரல் 12, காலை 8:40

பாதி ஒப்புக்கொள்கிறேன். நீலப்பசும்பாசி ஒரு வருடத்தில் கூரையைத் தின்று தீர்த்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது விற்க வந்தவர்கள். ஆனால் மாஸை அப்படி விட முடியாது. அதோடு, வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் இப்போது வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு "கூரையைச் சுத்தம் செய், இல்லையேல் புதுப்பிக்க மாட்டோம்" என்று எழுதுகின்றன. நம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அவர்கள் கண்ணுக்கு எப்படிப் படுகிறது என்பது வேறு கேள்வி.

---

வடக்குச்சரிவு | ஏப்ரல் 12, மதியம் 12:30

அபராதத்தைச் "சும்மா" விட மாட்டார்கள் ஐயா, அதுதான் சிக்கல்.

இயந்திரக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாஸ் இல்லை, கோடுகள் மட்டும்தான்; புகைபோக்கி ஓரத்தில் லைக்கன் வட்டங்கள் ஏழெட்டு. எதைத் தெளிப்பது, எவ்வளவு? அம்மா வினிகரும் பிளீச்சும் கலந்து அடிக்கலாமா என்று கேட்கச் சொன்னார்.

---

ஹூஸ்டன்மாமா | ஏப்ரல் 12, மதியம் 12:41

கூடாது. கூடவே கூடாது. பிளீச்சோடு வினிகரோ வேறு எந்த அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவம் எதையும் அதன் பக்கத்திலேயே வைக்காதீர்கள். மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

---

ஹூஸ்டன்மாமா | ஏப்ரல் 12, இரவு 8:55

என் வீட்டில் இரண்டு முறை நானே செய்திருக்கிறேன். இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வந்தே தீரும்.

அமெரிக்காவின் ஆஸ்பால்ட் கூரைத் தயாரிப்பாளர்கள் சங்கமான ஆர்மா சொல்வது எளிமையானது. துணிக்குப் போடும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தெளித்து 15 முதல் 20 நிமிடம் விட வேண்டும். பிறகு குறைந்த அழுத்தத்தில் அலச வேண்டும். தேய்க்க வேண்டியதே இல்லை. கடைக்காரர்கள் விற்கும் மாயத் திரவங்கள் பலவற்றிலும் வேலை செய்வது பிளீச்சில் இருக்கும் இதே சோடியம் ஹைப்போகுளோரைட்தான்.

பிளீச் வாங்கும்போது வாசனை போட்டதையும், தெறிக்காது என்று விளம்பரம் செய்யும் கெட்டியான வகையையும் விட்டுவிடுங்கள். வீரியம் 5 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கும் வெறும் பிளீச் போதும். போன வருடம் வாங்கிக் கராஜில் வெந்துகொண்டிருக்கும் புட்டி உதவாது, வெப்பத்தில் அதன் வீரியம் இறங்கிவிடும். நீச்சல்குளத்துக்கு விற்பது 10, 12 சதவீதம் என்று இருக்கும். அதை வாங்கினால் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காற்றில்லாத, மேகமூட்டமான காலை வேண்டும். சுடுவெயிலில் அடித்தால் பாசி சாகும் முன்பே மருந்து காய்ந்துவிடும். கூரை மேல் ஏறாதீர்கள். பிளீச் பட்ட ஷிங்கிள் சோப்பு தடவிய கண்ணாடி மாதிரி. ஏணியில் நின்றபடியே நீட்டுகிற தெளிப்புக்கோலால் அடிக்கலாம். கண்ணாடி, கையுறை, தூக்கி எறியத் தயாரான சட்டை மூன்றும் கட்டாயம். நான் முதல் முறை தீபாவளிக்கு எடுத்த நீலச்சட்டையோடு ஏறினேன். இறங்கும்போது புள்ளிமான்.

செடிகள்தான் முக்கால்வாசி வேலை. தெளிக்கும் முன் இலையும் மண்ணும் சொட்டச் சொட்ட நனையுங்கள். ஏற்கெனவே நீரைக் குடித்து நிரம்பிய மண் பிளீச்சை அதிகம் இழுக்காது. நீங்கள் தெளிக்கும்போது இன்னொருவர் கீழே நின்று விடாமல் நீரூற்ற வேண்டும். பிறகும் ஒருமுறை நனைக்க வேண்டும். பிளாஸ்டிக் போர்த்தினால் வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வெந்துவிடும். தொட்டிச் செடியை நகர்த்த முடியும்போது ஏன் போர்த்த வேண்டும்? கறிவேப்பிலையைக் கொல்லைக்குக் கொண்டுபோங்கள்.

---

ஸ்கார்பரோதம்பி | ஏப்ரல் 13, காலை 7:05

வணக்கம் அண்ணாமார். கூரையோர வாய்க்கால் என்று நீட்டி எழுதுகிறீர்களே, அதை நாங்கள் பீலி என்போம். யாழ்ப்பாணத்தில் இருந்தபோதும் பீலிதான், இங்கே டொரண்டோ பக்கம் வந்த பிறகும் பீலிதான்.

அந்தப் பீலியை முதலில் துப்புரவாக்குங்கள். இலை அடைத்திருந்தால் பிளீச் தண்ணீர் அதிலேயே தேங்கி உலோகத்தை அரிக்கும், இல்லாவிட்டால் பொங்கி நீங்கள் எதிர்பாராத இடத்தில் விழும். மழைநீர்ப் பீப்பாய் இருந்தால் இறங்குகுழாயைக் கழற்றிவிடுங்கள். குழாயின் வாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். எனது மச்சான் கூரைக்குக் கீழே இருந்த செடி எல்லாவற்றையும் போர்த்திவிட்டு, இறங்குகுழாய் வாயில் இருந்த ரோசாவை மறந்துபோனார். முழுக் கூரையின் மருந்தும் அந்த ஒன்றின் தலையில்தான் இறங்கியது.

ஏணி விடயமும் சொல்ல வேண்டும். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து கால் தள்ளி இருக்க வேண்டும். மேல் நுனி கூரை விளிம்புக்கு மேலே மூன்று அடியாவது நிற்க வேண்டும். பீலியில் சாய்க்காதீர்கள், நெளிந்துவிடும்.

---

மழைத்தேசம் | ஏப்ரல் 13, காலை 9:30

பீலி! இனி அதுதான் எனக்கும்.

ஹூஸ்டன்மாமா சொன்னது கறுப்புக் கோட்டுக்குச் சரி. என்னைப்போன்ற பச்சைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு பிளீச் வாளியோடு ஓட வேண்டாம். இங்கே தெருவோர மழைநீர் வடிகால் பல இடங்களில் நேரே ஓடைக்கும், அங்கிருந்து பியூஜெட் சவுண்ட் கடலுக்கும் போகிறது. அந்த ஓடைகளில்தான் சால்மன் மீன் முட்டையிட வருகிறது. கழுவிய பிளீச் நீரை வடிகாலில் விடுவது குற்றம். கடையில் மாஸுக்கென்று விற்கும் துத்தநாகப் பொடியும் மீனுக்கு ஆகாது.

நான் இப்போது செய்வது இது. கோடையில் மாஸ் காய்ந்து மொறுமொறுவென்று ஆனதும், நீளக்கோலில் மென்மையான தூரிகையைக் கட்டி, முகட்டிலிருந்து கீழ்நோக்கி மட்டும் இழுக்கிறேன். மேல்நோக்கித் தள்ளினால் ஷிங்கிள் நாக்கு தூக்கிக்கொள்ளும். ஒட்டியிருப்பதோடு சண்டை போடுவதில்லை. மீதியிருப்பதன் மேல், இலையுதிர்காலத்து முதல் மழைகளில் மாஸ் மறுபடி பச்சைபிடிக்கும்போது, மழையில்லாத நாளாகப் பார்த்துக் கொழுப்பமிலப் பொட்டாசியம் உப்பு, அதாவது ஒருவகைச் சோப்பு, தெளிக்கிறேன். பழுத்துப் பழுப்பாகிவிடும். பிறகு மழையும் காக்கைகளும் பார்த்துக்கொள்கின்றன. காக்கைகள் புழு தேடி மாஸ் கட்டிகளைப் புரட்டிப் புரட்டி முற்றத்தில் வீசும், காலையில் பார்த்தால் கூரைக்குக் கூலி வாங்காத ஆள்.

இதற்கெல்லாம் மேலாக, கூரை மேல் கவிந்திருந்த மேப்பிள் கிளைகள் இரண்டை வெட்டினேன். ஒரே கோடையில் அந்தப் பக்கம் பாதியாகக் குறைந்தது. வெயிலுக்கு நிகரான மருந்து இல்லை.

---

சும்மாவிடு | ஏப்ரல் 13, காலை 10:12

முகட்டில் துத்தநாகத் தகடு அடித்தால் இதெல்லாம் வேண்டாமே. மழை அதைக் கரைத்துக் கீழே கொண்டுவரும், பாசி வராது.

---

மழைத்தேசம் | ஏப்ரல் 13, காலை 10:30

நேற்று "சும்மா விடு", இன்று தகடு. நல்ல முன்னேற்றம்.

வேலை செய்யும் என்பதற்குச் சான்று உங்கள் தெருவிலேயே இருக்கும். புகைபோக்கியின் அடியில் உலோகத் தகடு போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே மட்டும் ஒரு பட்டை சுத்தமாக இருப்பதைப் பாருங்கள். ஆனால் அதன் வீச்சு சில அடிகள்தாம், நீளச் சரிவின் அடிப்பாகம் வரை போய்ச் சேராது. ஏற்கெனவே குடியேறியதையும் விரட்டாது, புதிதாக வருவதைத்தான் தடுக்கும். கரைந்து வருவது அதே துத்தநாகம், போய்ச் சேர்வது அதே ஓடை. ஓடைப் பக்கம் இருக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

---

வடக்குச்சரிவு | ஏப்ரல் 13, இரவு 9:10

அப்பா இழை முழுவதையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு ஒரே கேள்வி: "எங்கள் ஓட்டுவீட்டில் ஐப்பசி மழை முடிந்ததும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தோமே, ஓடு என்ன கெட்டா போயிற்று?"

---

கல்பாசி | ஏப்ரல் 13, இரவு 9:35

ஐயாவுக்கு என் வணக்கம். அவருடைய ஓடு சூளையில் சுட்ட மண். தேய்த்தால் அதன் மேலே உதிர்வதற்குத் துகள் இல்லை. ஷிங்கிள் அப்படியில்லை, தார் பூசிய அட்டையில் மணல் ஒட்டிய பொருள் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துடைப்பம் பட்டால் மணல் போகும்.

பிளீச்சிங் பவுடர் சுண்ணாம்பிலிருந்து செய்வது. கரையாத வண்டல் வெள்ளையாகத் தங்கும், தெளிப்பானின் மூக்கையும் அடைக்கும். சுண்ணாம்புக்கல்லைத் தின்னும் பாசியை விரட்டிவிட்டு, போகும்போது சுண்ணாம்பை இறைத்துவிட்டு வருவது எனக்கு என்னவோ விருந்தாளியை அனுப்பிவிட்டு வாசலில் இலை போட்டதுபோல இருக்கிறது.

---

வடக்குச்சரிவு | ஏப்ரல் 27, மாலை 6:45

முடித்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணி, மேகமூட்டம், காற்றில்லை. பீலியை முந்தின நாளே வாரிவிட்டேன். கறிவேப்பிலைத் தொட்டிகள் நான்கும் கொல்லைக்குப் போயின. பிளீச் 8 காலன், தண்ணீர் 8 காலன். இரண்டு காலன் பிடிக்கும் கைத்தெளிப்பானை எட்டு முறை நிரப்பினேன். மனைவி கீழே குழாயோடு நின்றார். ஏணிக்கு அப்பா. பிடித்துக்கொள்ளச் சொன்னதில் அவருக்குப் பாதி சமாதானம், பாதி கோபம்.

சரிவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பகுதியில் கீழேயிருந்து மேலே தெளித்தேன். கோடாகக் கீழே வழிந்து திட்டுத்திட்டாக ஆகக் கூடாது என்பதற்காக. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது நிமிடம் போல கறுப்பு பழுப்பானது. பழைய டீக்கறை நிறம். பிறகு யாரோ பக்கத்தில் நின்று அழிப்பானால் தேய்ப்பதுபோல, கண்ணெதிரே, கோடுகள் ஓரத்திலிருந்து உள்ளே கரைந்துகொண்டு வந்தன. 18வது நிமிடத்தில் குழாய் நீரால் மேலிருந்து கீழாக அலசினேன். ஷிங்கிள் என்ன நிறம் என்பதையே நான் மறந்திருக்கிறேன். சாம்பல் என்று நினைத்தேன், இளம்பழுப்பு!

முகட்டின் அருகே இரண்டு அடி அகலத்துக்கு மங்கலாக ஒரு நிழல் நின்றது. அங்கே மட்டும் இன்னொரு முறை. லைக்கன் வட்டங்கள் வெளுத்துவிட்டன, ஆனால் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. கல்பாசி சொன்னதால் தொடவில்லை. அலசிய நீர் முழுவதையும் இறங்குகுழாயில் நெளிகுழாய் மாட்டிப் புல்தரையில் பரவவிட்டேன், தெருவுக்குப் போகவில்லை. பீலியில் பார்த்தேன்: ஒரு கைப்பிடி மணல்கூட இல்லை.

செலவு: பிளீச், தெளிப்பான், கோல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 110 டாலருக்குள். தெளிப்பானை உடனே கழுவாமல் வைத்தேன், அதன் ரப்பர் வளையம் மறுநாளே இறுகிவிட்டது. அது என் தவறு.

இன்னொரு தவறும் உண்டு. கறிவேப்பிலையைக் காப்பாற்றிய பெருமையில், தூணோரம் இருந்த மல்லிகைத் தொட்டியை யாரும் கவனிக்கவில்லை. தெளிப்புக்கோல் அதன் தலைக்கு மேலேதான் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாம் நாள் இலையெல்லாம் வெளிறி, ஓரம் கருகிவிட்டது. வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு குறைவு.

சங்கத்துக்குப் புகைப்படம் அனுப்பினேன். "நன்றி" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

---

ஹூஸ்டன்மாமா | ஏப்ரல் 27, இரவு 7:20

முதல் முறைக்கு மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். லைக்கன் உதிர இரண்டு மூன்று மழைக்காலம்கூட ஆகலாம். ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரத்தால் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

சும்மாவிடு | ஏப்ரல் 27, இரவு 7:48

படம் பார்த்தேன். என் கூரையையும் பார்த்தேன். அந்தக் கோல் எத்தனை அடி?

---

வடக்குச்சரிவு | ஏப்ரல் 27, இரவு 8:01

12 அடி. நீங்கள் அட்லாண்டா பக்கம் என்றால் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். ஏணி பிடிக்க ஆளும் இருக்கிறார், ஜூன் வரை.

---

ஸ்கார்பரோதம்பி | ஏப்ரல் 28, காலை 6:50

அண்ணா, மல்லிகையைத் தூக்கி எறிய வேண்டாம். தொட்டி மண்ணில் தண்ணீர் விட்டு அடியால் வடியவிடுங்கள், நான்கைந்து தரம். பிறகு தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருக்கிறதா?

---

வடக்குச்சரிவு | ஏப்ரல் 28, காலை 8:15

சுரண்டினேன். அடியிலிருந்து நான்கு விரல் உயரம் வரை பச்சை. அதற்கு மேல் காய்ந்த குச்சி. வெட்டிவிடவா?

---

ஸ்கார்பரோதம்பி | ஏப்ரல் 28, காலை 8:19

பச்சைக்கு ஒரு விரல் மேலே வைத்து வெட்டுங்கள். அக்காவிடம் சொல்லிவிட்டு.